ரேஷன் அரிசியில் தெரியும் வெள்ளை மணிகள்: செறிவூட்டப்பட்ட அரிசித் திட்டம் பற்றி அறிய வேண்டியவை

நியாய விலைக் கடையில் வாங்கிவந்த புழுங்கல் அரிசியை முறத்தில் பரப்பிக் கல் பார்க்கும்போது, மற்ற அரிசியைவிட வெளுத்து, சுண்ணாம்பு தடவியது போல் மங்கலாக இருக்கும் சில மணிகள் கண்ணில் படுவதுண்டு. அரிசி களையும்போது அவற்றுள் சில கழுநீரின் மேலே மிதந்தும் வரும். இவற்றைப் பார்த்துத்தான் 'பிளாஸ்டிக் அரிசி' என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. எங்கள் வீட்டிலும் என் அம்மா பல மாதங்கள் அந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் எறிந்தது பிளாஸ்டிக்கை அல்ல. இரத்தசோகையைக் குறைப்பதற்காக அரசு தன் செலவில் கலந்து அனுப்பிய சத்தைத்தான். விவரம் தெரியாததால் இந்த உரிமை முறத்திலேயே வீணாகிறது என்பதால், அந்த மணிகளில் என்ன இருக்கிறது, யாருக்கு அவை உரியவை, எப்படிச் சமைத்தால் பயன் கிடைக்கும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த மணிகளும் அரிசியால் ஆனவைதாம். அரிசியை மாவாக்கி, அதனுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவை அடங்கிய சத்துக் கலவையைச் சேர்த்து, நீர் விட்டுப் பிசைந்து, சேமியா பிழிவதைப் போன்ற ஓர் இயந்திரத்தில் அழுத்தி, அரிசி மணியின் வடிவிலேயே வெட்டி உலர்த்துகிறார்கள். மாவிலிருந்து மறுபடியும் உருவாக்கப்படுவதால்தான் நிறமும் பளபளப்பும் சற்று மாறுபடுகின்றன. சில மணிகள் மிதப்பதற்கும் இதுவே காரணம். இந்தச் செறிவூட்டிய மணிகளை அரிசி ஆலையில் நூறு பங்கு சாதாரண அரிசிக்கு ஒரு பங்கு என்ற அளவில் கலக்கிறார்கள். அதாவது 5 கிலோ அரிசியில் ஏறத்தாழ 50 கிராம் மட்டுமே இந்த மணிகள். இவ்வாறு கலந்த அரிசி ஒரு கிலோவில் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரையிலும், ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம் வரையிலும், பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் வரையிலும் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்துள்ள அளவாகும். சத்து முழுவதும் அந்த நூற்றில் ஒரு மணியில்தான் அடங்கியிருக்கிறது என்பதை நினைவில் வைத்தால், அதைப் பொறுக்கி எறிவதன் இழப்பு எவ்வளவு என்பது விளங்கும்.

இத்தனை ஏற்பாடு எதற்காக என்ற கேள்விக்கு, 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு பதில் தருகிறது. நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருப்பதாக அந்த ஆய்வு கூறியது. முந்தைய ஆய்வில் இவை முறையே 53.1, 58.6 விழுக்காடுகளாக இருந்தன. குறைய வேண்டியது கூடியிருக்கிறது. வயிறு நிறையச் சோறு உண்பவருக்கும் இரும்பும் வைட்டமின்களும் போதாமல் போகலாம். பசி தெரியாததால் இந்தக் குறைபாடு வெளியில் தெரிவதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, வகுப்பில் பிள்ளைக்குக் கவனம் நிற்காதது, எப்போதும் அசதியாக இருப்பது என்று அது வேறு உருவங்களில் வரும். நெல்லைத் தீட்டி வெள்ளை அரிசியாக்கும்போது தவிட்டோடு சத்துகளில் பெரும்பகுதி போய்விடுகிறது. பி12 வைட்டமின் இயல்பாகவே பால், முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றில்தான் கிடைக்கிறது. அவற்றை வாங்க இயலாத குடும்பத்துக்கு அது எட்டாப்பொருளாகவே இருக்கிறது. எல்லோர் வீட்டு உலையிலும் ஏறும் ஒரே பொருள் அரிசி என்பதால், அதன் வழியாகவே சத்தைக் கொண்டுசேர்ப்பது என்று முடிவெடுக்கப்பட்டது.

மத்திய அரசு 2019-20 முதல் 15 மாநிலங்களில் மாநிலத்துக்கு ஒரு மாவட்டம் என்ற முறையில் இதைச் சோதனை அடிப்படையில் அனுமதித்தது. தமிழ்நாட்டில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் திருச்சிராப்பள்ளி. 2021 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திர தின உரையில், அரசுத் திட்டங்கள் அனைத்தின் கீழும் செறிவூட்டப்பட்ட அரிசி வழங்கப்படும் என்று பிரதமர் அறிவித்தார். 2022 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது மூன்று கட்டங்கள் வகுக்கப்பட்டன: முதலில் அங்கன்வாடிகளும் பள்ளி மதிய உணவும், அடுத்து ஊட்டச்சத்துக் குறைபாடு மிகுந்த மாவட்டங்களின் ரேஷன் கடைகள், 2024 மார்ச்சுக்குள் எஞ்சிய மாவட்டங்கள். பின்னர் 2024 அக்டோபர் 9 அன்று, 2024 ஜூலை முதல் 2028 டிசம்பர் வரை இதைத் தொடர்வதற்கு ரூ.17,082 கோடி மதிப்பில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இந்தச் செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்பது என்று முடிவானது. ஆயினும் 2026 பிப்ரவரியில், அரிசியில் சத்து மணிகளைக் கலப்பதைத் தற்காலிகமாக நிறுத்துவதாக மத்திய அரசு அறிவித்தது.

பயனாளி இதற்கெனத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. தனி அட்டையோ கூடுதல் கட்டணமோ கிடையாது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இன்படி முன்னுரிமைக் குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோவும், மிக ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு மாதம் 35 கிலோவும் உணவு தானியம் உரிமையாக உள்ளது. அதே சட்டம் கர்ப்பிணிகளுக்கும், பிரசவத்துக்குப்பின் ஆறு மாதம் வரை பாலூட்டும் தாய்மார்களுக்கும், 6 மாதம் முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கும் அங்கன்வாடி வழியாகவும், 14 வயது வரையிலான பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் உணவை உறுதி செய்கிறது. இவர்களுக்கு வரும் அரிசியில்தான் சத்து மணிகள் கலக்கப்பட்டு வந்தன. ஆகவே, செறிவூட்டிய அரிசிக்கென்று யாரேனும் கூடுதல் பணம் கேட்டால் அது முறைகேடாகும்.

சமைக்கும் முறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பயன் அங்கேதான் தங்குகிறது அல்லது கரைகிறது. கல், தூசு பார்த்துப் புடைப்பதில் தவறில்லை. வெளுத்த மணிகளை மட்டும் விட்டுவிடுங்கள். கழுநீர் தெளியும்வரை நான்கைந்து முறை அழுத்தித் தேய்த்துக் களைய வேண்டியதில்லை. இரண்டு முறை இலேசாக அலசினால் போதும். நீரை வடிக்கும்போது மேலே மிதக்கும் மணிகள் ஓடிவிடாமல் கையால் தடுத்துக்கொள்ளுங்கள். ஊற வைத்தால், அந்த ஊறல் நீரையே உலைநீராகப் பயன்படுத்துவது நல்லது. நம் வீடுகளில் அகலமான பாத்திரத்தில் பொங்கிக் கஞ்சி வடிப்பது வழக்கம். அப்படி வடிக்கும்போது நீரில் கரையும் வைட்டமின்களில் ஒரு பகுதி, சேர்க்கப்பட்டதும் அரிசிக்கே இயல்பாக உள்ளதும் சேர்த்து, வடிகஞ்சியோடு போய்விடுகிறது. குக்கரில் வைப்பதோ, அளவாக நீர் விட்டு வடிக்காமல் வேகவைப்பதோ மேலானது. வடித்தே ஆக வேண்டிய வீடுகளில் அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கும் பழைய வழக்கத்தை மீட்டுக்கொள்ளலாம். என் பாட்டி காலத்தில் வடிகஞ்சி கொட்டப்பட்டதே இல்லை. இட்லி, தோசைக்கு மாவரைப்பதற்கும் இந்த அரிசியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இனி, இந்தத் திட்டத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் நேர்மையாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு மாதம் 5 கிலோ என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 167 கிராம் அரிசி வருகிறது. அதில் சேர்க்கப்பட்ட இரும்பு 4.7 முதல் 7 மில்லிகிராம் வரை இருக்கும். வயதுவந்த பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்த அளவு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம். ஆக, தேவையில் ஆறில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரைதான் இந்த அரிசியால் நிரம்பும். இது சிறிய உதவியன்று; ஆனால் முழுத் தீர்வும் அன்று. கீரை, பருப்பு, முட்டை, மீன், கேழ்வரகு, கம்பு ஆகியவற்றை வாங்கும் வசதி குடும்பங்களுக்கு வர வேண்டும் என்று பல ஊட்டச்சத்து வல்லுநர்கள் வலியுறுத்துவது முற்றிலும் நியாயமானது. சத்து மணிகளைக் காட்டி அந்தக் கடமையிலிருந்து எந்த அரசும் விலகிவிடக் கூடாது என்றே நானும் கருதுகிறேன். வீட்டளவில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி போன்ற வைட்டமின் சி உள்ளவற்றைச் சேர்த்தால் இரும்பு உடலில் நன்றாக ஏறும். சாப்பிட்ட கையோடு தேநீரோ காபியோ குடித்தால் அது தடைப்படும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரப்படும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ரேஷன் அரிசியில் சத்து இருக்கிறது என்று நினைத்து அந்த மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது.

தலசீமியா, அரிவாள் அணு இரத்தசோகை ஆகிய பரம்பரை இரத்த நோய்கள் உள்ளவர்கள் பற்றியும் கேள்விகள் எழுந்தன. தலசீமியா உள்ளவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் உண்ண வேண்டும், அரிவாள் அணு இரத்தசோகை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையை இரும்பு சேர்த்த உணவுகளின் உறையில் அச்சிட வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறின. பின்னர் இதை மறுஆய்வு செய்த வல்லுநர் குழு, செறிவூட்டிய அரிசியின் அளவில் உள்ள இரும்பு இவர்களுக்கும் பாதுகாப்பானதே என்று தெரிவித்ததாக மத்திய அரசு 2024-இல் அறிவித்தது. இருந்தபோதிலும், அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவரின் உடலில் ஏற்கெனவே இரும்பு மிகுந்திருக்கும் என்பதால், அத்தகையவர் உள்ள குடும்பம் தாம் உண்ணும் அரிசி எது என்பதைத் தம் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

அரிசியைத் தவிர உப்பு, சமையல் எண்ணெய், பால், கோதுமை மாவு ஆகியவற்றுக்கும் அந்த 2018 விதிமுறைகளில் அளவுகள் உண்டு. உறையில் கூட்டல் குறியோடு 'எஃப்' என்ற ஆங்கில எழுத்துப் பொறித்த நீல நிறச் சின்னம் இருந்தால் அது செறிவூட்டப்பட்ட பொருள் என்று அறியலாம். இவற்றில் உப்பு மட்டும் வேறு வகை: உணவுக்காக நேரடியாக விற்கப்படும் உப்பில் அயோடின் கட்டாயம். உற்பத்தி நிலையில் பத்து லட்சத்தில் 30 பங்கும், கடையில் விற்கும் நிலையில் 15 பங்கும் குறையாமல் இருக்க வேண்டும். 1962-இல் தொடங்கிய தேசியக் கழலை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் தொடர்ச்சிதான் இது. உப்பை அடுப்பருகே திறந்து வைக்காமல் மூடிய பாத்திரத்தில் வைத்தால் அயோடின் தங்கும்.

ஆலையில் சேர்ப்பதற்குப் பதிலாக, பயிரிலேயே சத்து கூடியிருக்கும்படி ரகங்களை உருவாக்குவது மற்றொரு வழி. இரும்பு மிகுந்த 'தனசக்தி' கம்பு, துத்தநாகம் மிகுந்த 'டிஆர்ஆர் தான் 45' நெல், புரதம் மிகுந்த 'சிஆர் தான் 310' நெல், திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரஞ்சு நிற 'பூ சோனா' சர்க்கரைவள்ளி ஆகியவை இவ்வாறு வந்தவை. இவை மரபணு மாற்றுப் பயிர்கள் அல்ல. வழக்கமான இனக்கலப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. புதிய கம்பு ரகம் எதுவாயினும் அதில் கிலோவுக்குக் குறைந்தது 42 மில்லிகிராம் இரும்பும் 32 மில்லிகிராம் துத்தநாகமும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2018-இல் கொண்டுவரப்பட்டது. விளைச்சலை மட்டும் பார்த்து ரகத்தை வெளியிட்டு வந்த நடைமுறையில் இது மிக முக்கியமான திருப்பம். பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001-இன்படி, இத்தகைய ரகங்களின் விதையை உழவர் தம் நிலத்தில் விளைவித்து, சேமித்து, மறுபடி விதைத்து, பிறருடன் பகிரவும் விற்கவும் செய்யலாம். வணிகப் பெயரிட்ட விதையாக விற்பது மட்டுமே தடுக்கப்பட்டுள்ளது. ஆனால் நெல்லுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை, பொது ரகம், 'ஏ' தர ரகம் என்ற இரண்டே பிரிவுகளில்தான் அறிவிக்கப்படுகிறது. சத்து கூடிய நெல்லை விளைவித்தவருக்கு அதற்கென ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வருவதில்லை. இந்த ரகங்கள் பரவ வேண்டுமானால் இது மாறியாக வேண்டும்.

கடைசியாக, புகார் செய்யும் வழி. அரிசி கெட்ட வாடை வீசினாலோ, புழுத்திருந்தாலோ, எடை குறைந்தாலோ, கடையிலேயே மாற்றிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தால் 1967 என்ற எண்ணில் பொது விநியோகத் திட்டப் புகாரைப் பதிவு செய்யலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி மாவட்டந்தோறும் உள்ள குறைதீர்க்கும் அலுவலரிடம் எழுத்து மூலம் கொடுக்கலாம். அங்கும் தீரவில்லை என்றால் மாநில உணவு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். உறையிட்ட உப்பு, எண்ணெய், பால் பற்றிய ஐயங்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800-112-100. புகார் செய்யும்போது கடை எண்ணையும், வாங்கிய நாளையும், மூட்டையில் அச்சிட்டுள்ள ஆலையின் பெயரையும் செறிவூட்டல் சின்னத்தையும் குறித்துக்கொண்டு, ஒரு கைப்பிடி அரிசியைக் காகிதத்தில் மடித்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி இருந்தால்தான் புகாரைச் சோதனைக்கு எடுத்துச்செல்ல முடியும்.