எவாக்யுவீன்னா அகதி இல்லீங்க

இங்கிலாந்துல ஆரம்பப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு ரெண்டாம் உலகப் போர் பாடத்த நாடகமா, கதையா நடத்துவாங்க. அதுல முக்கியமான வேஷம் எவாக்யுவீ (evacuee), அதாவது குண்டுவீச்சுக்குப் பயந்து அரசாங்கம் நகரத்துலேர்ந்து கிராமத்துக்கு அனுப்பின பிள்ள. கோட்டுல பேர் எழுதின சீட்டு, தோள்ல கேஸ் மாஸ்க் வெச்ச அட்டப் பெட்டி, கையில ஒரு சின்ன சூட்கேஸ், அவ்ளோதான் வேஷம். நல்ல விஷயம். ஆனா இதப் பத்தி தமிழ்ல யாராவது எழுதினா கண்ண மூடிக்கிட்டு "அகதிக் குழந்தைகள்"னு போட்டுடறாங்க. லண்டன்ல சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போற ஒரு பிள்ளையோட பயிற்சித் தாள்லயும் அதேதான்: "நீ ஒரு அகதிக் குழந்தை, உன் அம்மாவுக்குக் கடிதம் எழுது." இதுக்கு மேல பொறுக்க முடியல.

எவாக்யுவேட்ங்கற இங்கிலீஷ் சொல்லோட வேர் சின்ன கததான். லத்தீன்ல காலியாக்கறதுன்னு அர்த்தம். பழைய இங்கிலீஷ் வைத்தியத்துல வயித்தக் காலி பண்றதுக்கு, அதாவது பேதிக்கு, இதத்தான் சொன்னாங்க. அப்புறம் படை ஒரு கோட்டைய விட்டு விலகறதுக்கு, கடைசியா ஆபத்தான ஊர்லேர்ந்து ஜனங்கள நகத்தறதுக்கு வந்துது. அப்படி நகத்தப்பட்ட ஆள் எவாக்யுவீ. 1939ல இந்தச் சொல் வீட்டுக்கு வீடு புழங்க ஆரம்பிச்சுது.

இப்ப அகதிக்கு வருவோம். அ-கதி, கதி இல்லாதவன், போக்கிடம் இல்லாதவன். வடமொழி வேர், அதுல எனக்குச் சண்ட இல்ல, அழகான சொல்தான். ஆனா இந்தப் பிள்ளைங்களுக்குக் கதி இருந்துது, அதுதானே விஷயமே! 1939 செப்டம்பர் 1ல தொடங்கி மூணே நாள்ல சுமார் 15 லட்சம் பேர அரசாங்கம் ரயில்லயும் பஸ்லயும் ஏத்தி கிராமங்களுக்கு அனுப்புச்சு. பள்ளிப் பிள்ளைங்க, கைக்குழந்தை வெச்சிருந்த தாய்மார், கர்ப்பிணிங்க, கூடப் போன டீச்சருங்க. ஒரு பிள்ளைய மட்டும் வெச்சுக்கற வீட்டுக்கு வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ், ரெண்டு மூணுன்னா தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ்னு ரேட்டே இருந்துது. எல்ல தாண்டல, நாடு மாறல, பள்ளிப் பிள்ளைங்களோட அப்பா அம்மா பெரும்பாலும் சொந்த ஊர்லயேதான் இருந்தாங்க. எதிர்பார்த்த குண்டு உடனே விழாததால 1940 ஜனவரிக்குள்ள பாதிக்குக் கிட்ட வீட்டுக்கே திரும்பிட்டாங்க, அப்புறம் குண்டு விழ ஆரம்பிச்சதும் மறுபடி போனாங்க. எந்த அகதிக்கு இந்த வசதி?

இன்னொண்ணு, அந்த வகுப்புல உக்காந்திருக்கற தமிழ்ப் பிள்ளைங்கள்ல பல பேரோட தாத்தா பாட்டி யாழ்ப்பாணத்துலேர்ந்தோ வன்னியிலேர்ந்தோ வந்தவங்க. அவங்க வீட்ல அகதிங்கறது நெசமான சொல், விசா, வழக்கு, திரும்பிப் போக முடியாத வீடு எல்லாம் அதுக்குள்ள இருக்கு. அதத் தூக்கி இங்கிலாந்து கிராமப்புறமான டெவன்ல ஒரு பண்ண வீட்ல கொஞ்ச நாள் தங்கின லண்டன் பையனுக்கு ஒட்டினா ரெண்டு வரலாறும் கெட்டுது.

நாடகமும் கெட்டுது. "நீ அகதி"ன்னு சொன்னதும் பிள்ள முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கைய நீட்டுது. நடிக்க வேண்டியது அது இல்ல. ஊர் மண்டபத்துல பிள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சிருக்காங்க, ஊர்க்காரங்க நடந்து பாக்கறாங்க, ஒரு அம்மா "அந்தப் பொண்ண நான் கூட்டிட்டுப் போறேன்"னு சொல்றா, பொண்ணு தம்பி கைய விடல, அந்த அம்மாவோ "பையன் வேணாம், ஒருத்திதான்"ங்கறா. டீச்சர் அங்க "அப்படியே நில்லு"ன்னு சொல்லி ஒவ்வொருத்தரா தொட்டு, மனசுல என்ன ஓடுதுன்னு கேக்கணும். கேட்டா தம்பியா நிக்கற பிள்ள ஒண்ணு சொல்லும், அந்த அம்மாவா நிக்கறது வேற சொல்லும்.

"வெளியேற்றப்பட்டோர்"னு இன்னொரு கோஷ்டி. அது இன்னும் மோசம். 1990ல இலங்கையோட வடக்குலேர்ந்து விடுதலைப் புலிகள் முஸ்லிம்கள அனுப்பினாங்களே, அதுக்குத் தமிழ்ல வெளியேற்றம்னுதான் பேரு. துரத்தறது அது. லண்டன்ல பெத்தவங்க சம்மதம் இருந்தாத்தான் பிள்ளைய அனுப்பினாங்க, கட்டாயம் இல்ல. "இடம்பெயர்ந்தோர்" பரவால்ல, ஆனா அனுப்பின கை அதுல தெரியல. "காப்பகக் குழந்தைகள்"னு ஒருத்தர் எழுதினாரு, அநாத இல்லம்னு ஆயிடும் சாமி!

தூய தமிழ் வேணும்னா சங்கத்துக்கே போகலாம். புறநானூறு 9ல போருக்கு முன்னாடி பசு, பார்ப்பார், பெண்டிர், பிணியாளர், பிள்ள பெறாதவங்க எல்லாரையும் "நும் அரண் சேர்மின்"னு சொல்றாங்க, அம்பு வரப்போகுது, பத்திரமான எடத்துக்குப் போயிடுங்கன்னு. அரண்சேர் பிள்ளைகள்னு சொல்லலாம், கம்பீரமா இருக்கு. ஆனா எட்டு வயசுப் பிள்ளைக்கு அரண் எதுன்னு வெளக்கறதுக்குள்ள பீரியட் முடிஞ்சிடும்.

வேருக்கு நேர் எதுன்னா நம்ம "காலி பண்றது"தான், காலி அரபுலேர்ந்து வந்ததுன்னு தூயவாதிங்க மொறைப்பாங்க. 1942 ஏப்ரல்ல ஜப்பான் குண்டு போடும்னு பயந்து பாதி மெட்ராஸே வீட்டக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போச்சே, அது எவாக்யுவேஷன்தான். அங்கதான் சரியான சொல்லும் இருக்கு: ஊருக்கு அனுப்பறது. நம்ம பேச்சுல "பிள்ளைங்கள ஊருக்கு அனுப்பிட்டேன்"னா பத்திரமான எடம், யாரோ பாத்துப்பாங்க, திரும்ப வருவாங்க, மூணும் அதுலயே இருக்கு. சொந்த பந்தம் இருக்கற ஊர்ங்கற வாசன வரும், ஆனா இங்கிலாந்துப் பிள்ளைங்க போனது முன்னப்பின்ன தெரியாதவங்க வீடு, அது ஒண்ணுதான் கொற. அத வகுப்புல ஒரு வரியில சொல்லிடலாம்.

மொழிபெயர்க்கறவங்களுக்கு ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் வேணும்னு என்ன அடம்னு தெரியல, ரெண்டு சொல் வந்தா சம்பளத்துல பிடிப்பாங்களா என்ன? "ஊருக்கு அனுப்பிய பிள்ளைகள்"னு எழுதுங்க. முதல் தடவ மட்டும் "குண்டுவீச்சுக்குப் பயந்து"ன்னு முன்னாடி சேத்துக்கங்க. தாய்மார், டீச்சருங்களையும் சேத்துச் சொல்லணும்னா "ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள்". தலைப்புல எடம் பத்தலன்னா எவாக்யுவீன்னே போடுங்க, பஸ்ஸும் ரயிலும் மாதிரி அதுவும் கெடந்துட்டுப் போகட்டும்.