சிக்கிய வண்டியை இழுக்கும்போதுதான் ஆபத்து

சாலையில்லாத கரடுமுரடான பாதையில் ஜீப் போன்ற வண்டி செங்குத்தான மேட்டில் ஏறும்போது ஓட்டுநர், உடன் வருபவர் எல்லோருமே உஷாராக இருப்பார்கள். வண்டி சேற்றில் சிக்கி நின்றதும் அந்த உஷார் போய்விடும். ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள், யாரோ ஒருவர் கயிற்றை எடுப்பார். மோசமான காயங்கள் பல அந்த நேரத்தில்தான் நேர்கின்றன.

இழுக்கும் தேவையே வராமல் ஓரளவு தடுக்கலாம். சாலையில் 32–35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைக்கும் டயரை மண் பாதையில் சுமார் 25க்கும், மணலில் 16–18க்கும் இறக்கினால் அது நீளவாக்கில் படிந்து பிடி கொடுக்கும். அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறிக் கிழியும். அதனால் தார்ச்சாலை ஏறுமுன் காற்றை நிரப்பியாக வேண்டும். கம்ப்ரசர் கையில் இல்லாவிட்டால் இறக்கவே வேண்டாம்.

சக்கரம் சுற்றியும் வண்டி நகரவில்லையென்றால் ஆக்சிலேட்டரிலிருந்து உடனே காலை எடுங்கள். விடாமல் மிதித்தால் வண்டி தனக்கே குழி தோண்டி, ஆக்சில் தரையில் உட்கார்ந்துவிடும். சக்கரங்களுக்கு முன்னும் அடிப்பகுதியிலும் உள்ள மண்ணை வாரி எடுத்தாலே பல வண்டிகள் வெளியே வந்துவிடும். அலுப்பான வேலைதான், ஆனாலும் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

இழுத்தே ஆக வேண்டுமென்றால், டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் கயிறு மாட்டாதீர்கள். அது வெட்டி இழுக்கும் விசைக்காகச் செய்யப்பட்டதல்ல. முறிந்தால் பீரங்கிக் குண்டுபோல் கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும். இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) பொருத்திய, தாங்கும் பாரம் குறித்த கொக்கியில் மட்டும் மாட்டுங்கள்.

கயிற்றிலும் வகை இருக்கிறது. இழுக்கும்போது நீளும் நைலான் கயிறு (கினெடிக் கயிறு) சுமார் 30 சதவீதம் நீண்டு, விசையைப் படிப்படியாகக் கொடுக்கும். நீளாத பட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து இழுத்தால் கொக்கியே பிய்ந்து பறக்கும். விஞ்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) வேலைக்கோ நீளாத கயிறுதான் சரி. எதுவானாலும், அறுந்தால் சீறிப் பாயாதபடி கயிற்றின் நடுவில் கனமான போர்வையைப் போடுங்கள். ஓட்டுநர்களைத் தவிர மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில் நிற்கட்டும். சைகை காட்ட ஒரே ஆள். இருவர் காட்டினால் ஓட்டுநர் யாரையும் பார்க்க முடியாது.

மேட்டில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி. முன்னது உச்சியைத் தாண்டும்வரை அடுத்தது கீழே, பாதையை விட்டு விலகிக் காத்திருக்கட்டும். பாதி மேட்டில் எஞ்சின் நின்றால் திருப்பப் பார்க்காதீர்கள், வண்டி உருண்டுவிடும். லோ ரேஞ்சில் (மெதுவாக, ஆனால் வலுவாக இழுக்கும் கியர் நிலை) ரிவர்ஸ் போட்டு நேராக இறங்குங்கள். எதிரே வண்டி வந்தால் ஏறுபவருக்கு வழிவிடுவது வழக்கம். ஆனால் பின்வாங்குவது யாருக்கு எளிதோ அவர் விலகுவதே நியாயம்.

ஓடையைக் கடக்குமுன் நடந்து ஆழம் பாருங்கள். நடக்க முடியாத வேகத்தில் தண்ணீர் ஓடினால் வண்டியும் வேண்டாம். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடுதான் வளையும்.

சேற்றுக்குப் பயந்து பாதையின் ஓரப் புல்லில் ஏற்றுவது பலருடைய பழக்கம். ஒருவர் ஏற்றினால் அடுத்தவரும் அதே தடத்தில் போவார். சில வாரங்களில் பாதை இரு மடங்கு அகன்று, மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகும். கடக்க முடிந்தால் நடுவிலேயே மெதுவாகக் கடங்கள், இல்லையென்றால் வந்த வழியே திரும்புங்கள்.