ஐம்பது மீட்டர் தள்ளிக் கிடந்த எஞ்சின்

2013 ஜூன் 18. விடிகாலை மணி நாலேகாலைத் தாண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஹைலண்ட் அவென்யூவில் அசுர வேகத்தில் வந்த ஒரு மெர்சிடிஸ் சி250, சாலை நடுத்திட்டில் நின்ற ஒரு பனை வகை மரத்தில் மோதிச் சில நொடிகளில் தீப்பந்தாகிவிட்டது. காரின் முன்பக்கம் மரத்தடியில் நசுங்கிக் கிடக்க, எஞ்சின் மட்டும் சுமார் ஐம்பது மீட்டர் தள்ளித் தனியாகக் கிடந்தது. ஓட்டி வந்தவர் மைக்கேல் ஹேஸ்டிங்ஸ். பத்திரிகையாளர், வயது 33.

இவர் 2010இல் ரோலிங் ஸ்டோன் இதழில் எழுதிய ஒரு கட்டுரையால், ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஸ்டான்லி மெக்கிரிஸ்டலின் பதவியே போனது. விபத்துக்கு முந்தின நாள் சக ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்: அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ தன் நண்பர்களை விசாரிக்கிறது, பெரிய செய்தி ஒன்று கையில் இருக்கிறது, கொஞ்ச நாள் யார் கண்ணிலும் படாமல் இருக்கப்போகிறேன் என்று. தன் காரில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்ற பயத்தில், அன்றிரவு பக்கத்து வீட்டுக்காரரிடம் அவருடைய காரை இரவல் கேட்டார். கிடைக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்தபிறகு யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவர்மேல் எந்த விசாரணையும் இல்லை என்றது எஃப்பிஐ. சதிக்கான தடயம் இல்லை என்றது போலீஸ். பிரேதப் பரிசோதனை அதிகாரி விபத்து என்று எழுதினார். எதுவும் எடுபடவில்லை. சந்தேகப்படுபவர்கள் எப்போதும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: மரத்தில் மோதிய காரின் எஞ்சின் எப்படி அவ்வளவு தூரம் போகும்? குண்டு வைக்காமல் போகுமா?

நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

காரின் வேகத்தை மணிக்கு 130 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் மோதுவதும், 66 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு இருபது மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து காரைத் தள்ளிவிடுவதும் ஒன்றுதான். 60 கி.மீ. வேகம் என்றால் வெறும் நாலு மாடி. வேகம் இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது, உயரமோ ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிடுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்து ஏறுவதால் வரும் வினை இது. நூற்றைத் தாண்டிய விபத்துகளில் கார் அடையாளமே தெரியாமல் போவதும் இதனால்தான்.

அடுத்து மரம். சுவரில் முட்டினாலோ எதிரே வரும் காரில் மோதினாலோ, முன்பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் இரண்டு உருக்குச் சட்டங்கள் மடிந்து நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்ளும். மரமோ மின்கம்பமோ ஒடுக்கமானது. இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் நுழைந்துவிட்டால் அவற்றுக்கு வேலையே இல்லை. அடி நேராக எஞ்சினுக்குப் போகும். எஞ்சினைப் பிடித்து வைத்திருப்பதோ ரப்பர் வைத்த சில மவுண்டுகளும் போல்ட்டுகளும்தான். அதிர்வு கேபினுக்குள் வராமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. இருபது மாடி விழுகையைத் தாங்க யாரும் அவற்றைச் செய்யவில்லை.

மரத்தின் ஓரத்தில் பட்டுக் கார் சுழல்கிறது, மவுண்டுகள் அறுகின்றன. கார் நின்றுவிட்டது, எஞ்சின் நிற்கவில்லை. பஸ் சடன் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னால் போய் விழுகிறார்களே, அதே கதைதான். மோதலில் பாதி வேகம் போய், மணிக்கு 65 கி.மீ. மட்டும் எஞ்சினிடம் மிஞ்சியது என்று வையுங்கள். தார்ச்சாலையில் தேய்ந்துகொண்டே போகும் உலோகக் கட்டிக்கு உராய்வுக் கெழு சுமார் 0.4. கணக்கு நாற்பது மீட்டருக்கு மேல் வருகிறது. மிஞ்சிய வேகம் கொஞ்சம் கூடினாலோ, எஞ்சின் நடுவில் ஒருதரம் உருண்டாலோ ஐம்பது மீட்டர் சர்வசாதாரணம். குண்டு எதுவும் தேவைப்படவில்லை.

சரி, தீ?

பெட்ரோல் டேங்க் வெடித்திருக்கும் என்று நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். சினிமா பழக்கம். பெட்ரோல் ஆவி எரிய வேண்டுமென்றால் காற்றில் அது ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. மூடிய டேங்குக்குள் ஆவி பெரும்பாலும் இந்த வரம்பைத் தாண்டி மண்டிக் கிடக்கும். அதனால் டேங்கின் உள்ளே வெடிப்பது அபூர்வம். ஆபத்து வெளியே வந்து காற்றில் கலக்கும் பெட்ரோலில் இருக்கிறது, அதுவும் போனட்டுக்குக் கீழே.

அந்தக் காரில் இருந்தது 1.8 லிட்டர் டர்போ எஞ்சின். வேகமாக ஓட்டி வந்த டர்போவுக்குள் பாயும் புகைவாயுவின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸை நெருங்கும். அதைச் சுற்றி எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், நூறு மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேலான அழுத்தத்தில் பெட்ரோல். எஞ்சின் பிய்த்துக்கொண்டு போகும்போது இந்தக் குழாய்கள் எல்லாம் ஒரே நொடியில் அறுகின்றன. கொசுமருந்து அடிக்கிற மாதிரி பெட்ரோல் பொடித்துளியாகப் பீய்ச்சும். அறுந்த பேட்டரி வயரின் பொறியோ, தார்ச்சாலையில் உரசும் இரும்பின் பொறியோ ஒன்று போதும்.

இதில் எனக்கே முதலில் நம்பச் சிரமமாக இருந்த விஷயம் ஒன்று: சூடான உலோகத்தில் பட்டால் பெட்ரோலைவிட எஞ்சின் ஆயில்தான் எளிதில் பற்றும். பெட்ரோல் பட்ட மாத்திரத்தில் ஆவியாகி விலகிப் போய்விடும். ஆயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்து, சூடேறி, பற்றிக்கொள்ளும். விபத்தில் பிடிக்கும் பல தீகள் இப்படி ஆயிலில் தொடங்கிப் பெட்ரோலுக்குத் தாவுகின்றன. அப்புறம் கேட்கவே வேண்டாம். மோதலின் மொத்த ஆற்றல் சுமார் பத்து லட்சம் ஜூல். ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் அதைப்போல முப்பது மடங்கு இருக்கிறது.

'வெடிச்சத்தம் கேட்டது' என்று அக்கம்பக்கத்தினர் சொன்னதும் பொய்யில்லை. முதலில் மோதலே இடி மாதிரி கேட்கும். அப்புறம் தீயில் டயர்கள் ஒவ்வொன்றாக வெடிக்கும். போனட்டையும் டிக்கியையும் தாங்கும் வாயுத் தண்டுகள், ஷாக் அப்சார்பர்கள், விரியாமல் மிச்சமிருக்கும் ஏர்பேக் குப்பிகள் என்று காருக்குள் அடைபட்ட வாயு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வரிசையாக வெடி. ஆனால் குண்டு வேறு சாதி. டிஎன்டி வெடிக்கும்போது அந்த அலை வினாடிக்கு ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் ஓடும். அசையாத காற்றில் பெட்ரோல் ஆவியின் தீ வினாடிக்கு அரை மீட்டர்கூட நகராது. தெறிப்பும் கொந்தளிப்பும் சேர்ந்து பல மடங்கு வேகமாக்கினாலும், இரண்டும் விட்டுச்செல்லும் தடயம் ஒன்றாகாது. குண்டு வெடித்த இடத்துக்கு அருகே உலோகம் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாகும், காரின் தரைத்தகடு கிழிந்து திரும்பும், சாலையில் பள்ளம் விழும். எரிந்த காரில் தகடு நெளிந்திருக்கும், கிழிந்திருக்காது.

எரிந்து முடிந்த காரைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: சக்கரத்தடியில் வெள்ளி ஓடை மாதிரி உலோகம் உருகி வழிந்து தார்மேல் உறைந்திருக்கும். இதைப் படம் பிடித்துப் போட்டு, 'சாதாரணத் தீ உலோகத்தை உருக்குமா? இது லேசர் ஆயுதம்' என்று பரப்புவார்கள். கலிஃபோர்னியாவில் 2017, 2018 காட்டுத்தீக்களின்போது இந்த வதந்தி பெரிதாக ஓடியது. அலாய் வீல் அலுமினியம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். டயரும் சீட் ஸ்பாஞ்சும் சேர்ந்து எரியும் கார்த் தீ 800, 900 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். சில கார்களின் கியர்பாக்ஸ் கூட்டிலும் ஸ்டியரிங் சட்டத்திலும் மெக்னீசியக் கலவை உண்டு. அது பற்றினால் கண் கூசும் வெள்ளை ஒளி வரும். தண்ணீர் அடித்தால் இன்னும் சீறும்.

கருகிய உடலின் நிலையும் இப்படித்தான் தவறாகப் படிக்கப்படுகிறது. தீயின் வெப்பத்தில் தசைப் புரதம் சுருங்கும். மடக்கும் தசைகள் வலுவானவை என்பதால் முழங்கை மடங்கி, முஷ்டி இறுகி, குத்துச்சண்டைக்கு நிற்பவரைப் போல உடல் விறைக்கும். இறந்த பின்னும் அப்படி ஆகும். தெரியாதவர்களுக்குக் கடைசிவரை யாரோடோ போராடியவர் மாதிரி தோன்றும். உயிரோடு எரிந்தாரா என்பதை மருத்துவர்கள் தேடுவது மூச்சுக்குழாயின் கரியிலும் ரத்தத்தின் கார்பன் மோனாக்சைடிலும். ஹேஸ்டிங்ஸ் மோதிய அடியிலேயே, சில நொடிகளில் இறந்திருக்க வேண்டும் என்பதே பிரேதப் பரிசோதனையின் முடிவு.

பெரிய மரணத்துக்குப் பெரிய காரணம் வேண்டும் என்று மனசு அடம்பிடிக்கிறது. 1979இல் மெக்காலி, ஜாக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். அதிபரைச் சுட்டார்கள், அவர் செத்தார் என்ற கதையைக் கேட்டவர்கள் சதி என்று நம்பிய அளவுக்கு, குண்டு தவறியது என்ற கதையைக் கேட்டவர்கள் நம்பவில்லை. துப்பாக்கி ஒன்றுதான், விளைவு மட்டுமே வேறு. இளவரசி டயானா 1997இல் பாரிஸ் சுரங்கப்பாதையில் இறந்ததைப் பற்றி 2012இல் வந்த ஆய்வு இன்னும் விசித்திரம். அவர் கொல்லப்பட்டார் என்று நம்ப அதிக நாட்டம் காட்டியவர்கள், அவர் சாகவே இல்லை, நாடகமாடித் தப்பிவிட்டார் என்பதையும் நம்ப அதிக நாட்டம் காட்டினார்கள். ஒரே ஆள் எப்படிச் செத்தும் சாகாமலும் இருப்பார் என்பது அவர்களுக்கு உறுத்தவில்லை. அதிகாரிகள் எதையோ மறைக்கிறார்கள் என்பது மட்டும் உறுதியாக இருந்தால் போதும்.

ஆனால் ஹேஸ்டிங்ஸ் விஷயத்தில் சிரித்துத் தள்ள முடியாத ஒரு சந்தேகம் உண்டு. அமெரிக்க அரசின் பயங்கரவாதத் தடுப்புப் பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் கிளார்க், காரின் கணினிக்குள் புகுந்து தாக்கியிருந்தால் எப்படி இருக்குமோ அதற்கு இந்த விபத்து ஒத்துப்போகிறது என்றார். அப்படித்தான் நடந்தது என்று தான் சொல்லவில்லை என்றும் சேர்த்தே சொன்னார். பரவியது முதல் பாதி மட்டும்.

தொழில்நுட்ப ரீதியில் அவர் சொன்னது கற்பனையில்லை. காருக்குள் பிரேக், எஞ்சின், ஏர்பேக் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குட்டிக் கணினிகள். அவை பேசிக்கொள்வது கேன் (CAN) என்ற பொதுக் கம்பியில். 1980களில் பாஷ் நிறுவனம் உருவாக்கியது. அதில் வரும் செய்தியில் என்ன விஷயம் என்பது இருக்கும், யார் அனுப்பியது என்பது இருக்காது. கல்யாண மண்டபத்தில் யாரோ 'பந்தி போடுங்க' என்று குரல் கொடுத்தால், சொன்னது யார் என்று பார்க்காமல் இலை போடுகிற மாதிரி. 2010இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தையும் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்தக் கம்பியில் நுழைந்து, ஓடும் காரின் பிரேக்கை வேலை செய்யவிடாமல் காட்டினார்கள். அடுத்த ஆண்டே, காரைத் தொடாமல் செல்போன் இணைப்பு வழியாகவும் நுழைந்தார்கள்.

செய்ய முடியும் என்பது ஒன்று, செய்தார்கள் என்பது வேறு. அதிலும் செய்ய முடிந்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 2015இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் ஒரு ஜீப் செரோக்கியைத் தொலைவிலிருந்தே நெடுஞ்சாலையில் முடக்கினார்கள். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஆனால் அந்த ஜீப்பில் பிரேக்கை அவர்களால் செயலிழக்க வைக்க முடிந்தது மெதுவாகப் போகும்போது மட்டும். ஸ்டியரிங்கைத் திருப்ப முடிந்தது ரிவர்ஸில் போகும்போது மட்டும். பல மாத உழைப்பு, அதுவும் ஒரு குறிப்பிட்ட மாடலுக்கு.

2017இல் விக்கிலீக்ஸ் இணையதளம் வெளியிட்ட, அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் ஆவணங்களில், வாகனக் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்குள் புகுவது பற்றிய குறிப்பு இருந்தது. பார், நாங்கள் அப்போதே சொன்னோமே என்றார்கள் சந்தேகப்படுபவர்கள். அந்தக் குறிப்பின் தேதி 2014 அக்டோபர். ஹைலண்ட் அவென்யூவில் அந்த மரம் எரிந்து பதினாறு மாதங்கள் கழித்து.

ஒரு காரை யாராவது ஊடுருவினார்களா என்று பார்க்க அந்தக் குட்டிக் கணினிகளின் நினைவகத்தைப் படிக்க வேண்டும். அவற்றின் சிப்புகளைப் பலகையில் பிடித்து வைத்திருக்கும் ஈயப்பற்று சுமார் 220 டிகிரியில் உருகிவிடும்.