பட்டா இருந்தால் போதாது, வரைபடத்தைப் போய்ப் பாருங்கள்

வீடு கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்ட பிறகுதான் பலருக்கும் தெரிய வருகிறது, முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) மனை பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது அல்லது வடபுறம் 18 மீட்டர் சாலை போகிறது என்று. அதற்குள் ஆட்சேபணை சொல்லும் காலம் முடிந்து வருடக்கணக்கில் ஆகியிருக்கும். இப்படி இன்னொரு கோப்பைப் பார்க்க மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

"பட்டா என் பேரில் இருக்கிறது. என்னைக் கேட்காமல் எப்படிக் கோடு போட்டார்கள்?" எல்லோரும் கேட்பது இதைத்தான். பட்டா வருவாய்த் துறையின் ஆவணம். நிலம் யார் பேரில் இருக்கிறது, நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்று சொல்லும். அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பதைச் சொல்வது முழுமைத் திட்டம். அது வேறு சட்டம், வேறு அலுவலகம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன்படி முழுமைத் திட்டத்தின் வரைவு தயாரானதும் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வரும். வீடு தேடி நோட்டீஸ் வராது. பட்டாவை இணையத்தில் நூறு தடவை எடுத்துப் பார்த்தாலும் இந்தக் கோடு அதில் தெரியாது. வில்லங்கச் சான்றிலும் தெரியாது. பத்திரம் சரியாக இருக்கிறது, பட்டா மாறிவிட்டது, வங்கிக் கடனும் கிடைத்துவிட்டது. இவை எதுவும் அந்த மனை குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது என்பதற்குச் சான்று அல்ல.

அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதத்தில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் வரைவுத் திட்டத்தின் வரைபடத்தை நேரில் போய்ப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் மங்கலான படம் உதவாது. 1:5,000 அளவில் உள்ள வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 5 மீட்டர். 12 மீட்டர் சாலை அங்கே 2.4 மில்லிமீட்டர்தான். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே உங்கள் திண்ணை சாலைக்குள் போய்விடும். உங்கள் நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படத்தை (எஃப்.எம்.பி.) கையோடு கொண்டுபோய், கிணறு, வாய்க்கால் வளைவு, எல்லைக்கல் என்று இடம் மாறாத ஒன்றை அடையாளம் வைத்து ஒப்பிடுங்கள். வரைவில் சர்வே எண் 142 என்று மொத்தமாகப் போட்டிருக்கும். உங்களுடையது 142/3பி ஆக இருக்கும். நகரப் பகுதி என்றால் பழைய சர்வே எண்ணுக்கு உரிய டி.எஸ். எண் (நகர சர்வே எண்) எது என்று முதலில் உறுதி செய்யுங்கள். எண்ணைத் தப்பாக எழுதிய மனு வேறு யாருடைய நிலத்துக்கோ போட்ட மனுவாகிவிடும்.

மனு ஒரு பக்கம் போதும். வருவாய்க் கிராமம், சர்வே எண் உட்பிரிவோடு, பரப்பு. வரைவு என்ன காட்டுகிறது, தரையில் என்ன இருக்கிறது, எப்படி மாற்ற வேண்டும். இந்தக் கடைசி வரியைத்தான் பெரும்பாலானவர்கள் எழுதுவதில்லை. "எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படும்" என்று மட்டும் எழுதினால் அதிகாரி எதைத் திருத்துவார்? "வேளாண்மை என்பதைக் குடியிருப்பு என மாற்றவும், இந்த எண்ணில் 1998 முதல் அனுமதி பெற்ற வீடுகள் உள்ளன" என்று எழுதி, அனுமதி நகல், வரி ரசீது, புகைப்படம் வையுங்கள். தெருவே சேர்ந்து ஒரே கடிதத்தை 300 நகல் எடுத்துப் போடுவது உழைப்பு விரயம். நகல் எத்தனை வந்தாலும் சொல்லும் காரணம் ஒன்றுதான். அந்த 300 பேரும் அவரவர் சர்வே எண்ணோடு எழுதினால் கதையே வேறு. இழப்பீட்டுத் தொகையைப் பற்றி இதில் எழுதாதீர்கள். அது நிலம் எடுக்கும்போது பேச வேண்டியது.

மனுவின் கீழே "நேரில் விசாரிக்க வேண்டுகிறேன்" என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். கேட்டவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. நகலில் தேதி முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

ஊர்ப் பொது நிலத்தையும் தயவுசெய்து பாருங்கள். ஏரி உள்வாய், ஓடை, மேய்ச்சல் புறம்போக்கு எதற்கும் பட்டாதாரர் கிடையாது. அதனால் வரைபடத்தில் ஓடை மேல் குடியிருப்புப் பகுதியைக் காட்டும் நிறம் விழுந்தால் யாரும் மனு போடுவதில்லை. ஆட்சேபிக்க அங்கே நிலம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, யாரும் எழுதலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள், நிலத்தின் வகைப்பாடு அதில் இருக்கும். அவகாசத்துக்குள் கிராம சபை நடந்தால் தீர்மானம் போட்டு மனுவோடு இணையுங்கள்.

காலம் தவறியவர்களுக்கு இரண்டு வழி மிச்சம். நில வகைப்பாட்டை மாற்ற அதே 1971 சட்டத்தின் 32-ஆம் பிரிவின் கீழ் தனியாக விண்ணப்பிக்கலாம். செலவும் அலைச்சலும் அதிகம். பூங்கா, சாலை போன்ற பொதுக் காரியத்துக்கு ஒதுக்கிய நிலத்தை, அறிவிப்பு வந்து மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்த அறிவிக்கை வராமலும் பேசி வாங்காமலும் விட்டிருந்தால், 38-ஆம் பிரிவு ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கிறது. வேளாண்மை, தொழில் என்ற நிறத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அரசிதழ் தேதியை எடுத்துக்கொண்டு நகரமைப்பு தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.