அந்த 800ஜி கோடு யாருடையது?

வருடம் பிறந்தால் ஆப்டிகல் டிரான்சீவர் சந்தை பற்றிய ஆய்வறிக்கைகளும் கூடவே பிறந்துவிடும். சுவிட்சின் மின்சாரச் சிக்னலை ஒளியாக்கி ஃபைபரில் அனுப்பி, வரும் ஒளியை மறுபடி மின்சாரமாக்கும் சிறு மாட்யூல்தான் டிரான்சீவர். எதைப் புரட்டினாலும் 800ஜிக்கும் (நொடிக்கு 800 கிகாபிட்) 1.6டிக்கும் (1.6 டெராபிட்) ஒரு கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கும். அந்தப் படத்தை யாராவது மீட்டிங்கில் திரையில் போடுவார்கள். "சந்தையே அங்கே போகுதே, நாமும் இந்த பட்ஜெட்டிலேயே 800ஜி போட்டுடலாமா?" என்று கேள்வி வரும். டேட்டா சென்டர் நெட்வொர்க் வடிவமைப்பதும், எதை எப்போது வாங்கலாம் என்று சொல்வதும் என் வேலை. கேட்பவர்களில் பெரும்பாலானோருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: கோடு உண்மைதான், ஆனால் அது உங்கள் கோடு இல்லை.

அதை ஏற்றிக்கொண்டிருப்பது ஏஐ. பெரிய கிளஸ்டர்களில் ஒவ்வொரு ஜிபியுவுக்கும் (ஏஐ கணக்கைப் போடும் சிப்) தனியாக 400ஜி அல்லது 800ஜி இணைப்பு கொடுக்கிறார்கள். நெரிசலே வராதபடி மூன்று அடுக்கில் நெட்வொர்க் கட்டினால் சர்வரிலிருந்து லீஃப் (சர்வர்கள் சேரும் முதல் அடுக்கு சுவிட்ச்), லீஃபிலிருந்து ஸ்பைன் (அவற்றை இணைக்கும் இரண்டாம் அடுக்கு), ஸ்பைனிலிருந்து கோர் (உச்சி அடுக்கு) என ஒரு ஜிபியுவின் பங்குக்கு மூன்று லிங்க் வரும். லிங்குக்கு இரண்டு முனை, முனைக்கு ஒரு டிரான்சீவர், ஆக ஆறு. முதல் லிங்கைக் காப்பர் கேபிளில் முடித்தாலும் நான்கு மிஞ்சும். ஜிபியு எண்ணிக்கை ஆயிரங்களிலிருந்து லட்சத்துக்குப் போனால் டிரான்சீவர் தேவை எங்கே போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சாதாரண நிறுவன டேட்டா சென்டரிலோ சர்வருக்கு 25ஜி, லீஃபுக்கு மேலே 100ஜி என்று போட்டுவைத்ததே பல இடங்களில் பாதிகூட நிரம்பவில்லை. போர்ட் புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்க்காமல் வேகத்தைக் கூட்டுவது வீண் செலவு.

800ஜியை மொத்தமாக வாங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்கள் என்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவர்களில் ஒருவர் ஒரு காலாண்டு கையைக் கட்டிக்கொண்டாலும் மொத்தச் சந்தையும் ஆடும். இந்தத் தொழில் அதைப் பார்க்காததில்லை. 2001-ல் தேவை சரிந்தபோது சிஸ்கோ 225 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கைக் கணக்கிலிருந்து தள்ளியது. ஆப்டிகல் பாகங்களில் கொடிகட்டிப் பறந்த ஜேடிஎஸ் யூனிஃபேஸ் அந்த நிதியாண்டில் 5,000 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியது. கொரோனா காலத்துத் தட்டுப்பாட்டில் ஒரே தேவைக்கு இரண்டு மூன்று இடங்களில் ஆர்டர் போட்டவர்கள், 2023-ல் கிடங்கில் இருப்பதைத் தீர்க்கும்வரை புதிதாக எதையும் வாங்கவில்லை. அறிக்கைகள் கூட்டிப் பார்ப்பது பெரும்பாலும் ஆர்டரையும் அனுப்பிய சரக்கையும்தான். சுவிட்சில் செருகி விளக்கு எரிந்தது எத்தனை என்பது அந்தக் கணக்கில் வராது.

சரி, அறிக்கையை ஒதுக்கிவிட்டு மாட்யூலையே பார்ப்போம். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணைவிட உள்ளே ஒரு லேனின் (தரவு ஓடும் தனித் தடத்தின்) வேகம் என்ன என்பதுதான் வாங்குகிறவருக்கு முக்கியம். பழைய 100ஜி என்பது நான்கு 25ஜி லேன். 2017 டிசம்பரில், தரங்களை வகுக்கும் அமைப்பான ஐஇஇஇ 400ஜி தரத்தை முடித்தபோது சுவிட்ச் பக்கம் மின்சார லேன் 50ஜி, எட்டு லேன். 2024 பிப்ரவரியில் 800ஜி தரம் வந்தபோது எட்டு 100ஜி லேன். 1.6டி என்றால் எட்டு 200ஜி லேன். தலைமுறை மாறுவது லேன் மாறும்போதுதான். மொத்த எண் அதைப் பெருக்கி வந்த விடை, அவ்வளவே.

இது தெரியாமல் வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. புதிய சுவிட்சில் ஒரு 400ஜி டிஆர்4 மாட்யூலைச் செருகி, அதை நான்கு 100ஜியாகப் பிரித்துப் பழைய சுவிட்சுகளுக்குக் கொடுக்கலாம் என்று திட்டம் போடுவார்கள். பழைய பக்கத்தில் ஏற்கெனவே 100ஜி சிடபிள்யூடிஎம்4 மாட்யூல் இருக்கிறது. இரண்டு பக்கமும் 100ஜி, இரண்டும் சிங்கிள் மோட் (ஒளி ஒரே பாதையில் செல்லும் ஃபைபர் வகை), கேபிளும் பொருந்திவிட்டது. லிங்க் மட்டும் வராது. காரணம், டிஆர்4 ஒவ்வொரு ஃபைபரிலும் ஒரே அலைநீளத்தில் முழு 100ஜியை பேம்4 முறையில் அனுப்புகிறது. சிடபிள்யூடிஎம்4 அதே 100ஜியை நான்கு அலைநீளங்களில் 25ஜியாகப் பிரித்து, என்ஆர்இசட் முறையில் அனுப்புகிறது. ஒன்று அனுப்புவதை மற்றது எந்த ஜென்மத்திலும் படிக்காது. எதிர்ப்பக்கமும் ஒரே அலைநீளத்தில் பேம்4 பேசும் 100ஜி டிஆர்1 அல்லது எஃப்ஆர்1 வேண்டும். கியூஎஸ்எஃப்பி28 என்ற பழைய 100ஜி வடிவப் போர்ட்டிலேயே செருகும்படி அவை கிடைக்கின்றன. கொட்டேஷனில் வெறுமனே "100ஜி சிங்கிள் மோட் மாட்யூல்" என்று எழுதியிருந்தால் அதை அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

பேம்4 பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்ஆர்இசட்டில் ஒளிக்கு இரண்டே நிலை. பேம்4-ல் நான்கு. நிலைகள் நெருங்கி நிற்பதால் பிட் பிழை வருவது இங்கே சகஜம். எஃப்இசி எனும் பிழைதிருத்தும் முறை அதைத் திருத்திக்கொண்டே இருக்கும். திருத்துவதற்கு முன் பிழை விகிதம் சுமார் 2.4 × 10⁻⁴ வரை தாங்கும் என்று வைத்துத்தான் இந்தத் தரங்களையே எழுதியிருக்கிறார்கள். இதனால் லிங்க் மேலே இருக்கிறது, பிங் போகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நான் அடிக்கடி பார்ப்பது: போர்ட் பச்சையாக இருக்கும், வாங்கும் ஒளி அளவும் சரியாக இருக்கும். எஃப்இசி கவுண்டரைத் திறந்தால் நான்கு லேனில் மூன்று அமைதியாக இருக்க, ஒன்றில் மட்டும் திருத்தம் தாறுமாறாக ஏறிக்கொண்டிருக்கும். பல ஃபைபர்களை ஒன்றாகச் சேர்க்கும் எம்பிஓ கனெக்டரைக் கழற்றி ஸ்கோப்பில் (நுண்ணோக்கியில்) பார்த்தால் ஒரு ஃபைபரின் மையத்தை ஒட்டி ஒரு தூசு. புத்தம் புதிய பேட்ச் கார்டாகத்தான் இருக்கும், மூடியைக்கூட அப்போதுதான் கழற்றியிருப்பார்கள். துடைத்துச் செருகினால் அந்த லேனும் மற்ற மூன்றோடு சேர்ந்துவிடும். இதைச் செய்யாமல் மாட்யூலைப் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் ஏராளம். திருப்பி வந்ததைச் சோதிக்கும் தயாரிப்பாளர், நன்றாக வேலை செய்கிறது என்று எழுதித் திருப்பிவிடுவார்.

பெரிய இடங்களிலும் இதே தொல்லைதான். மெட்டா தன் லாமா 3 மாடலை 16,384 ஜிபியுக்களில் பயிற்றுவித்தபோது, 54 நாட்களில் எதிர்பாராமல் வந்த 419 தடங்கல்களில் 35 சுவிட்ச், கேபிள் தரப்பிலிருந்து வந்தவை என்று அதன் ஆய்வுக்கட்டுரையே சொல்கிறது. ஒரு லிங்க் தடுமாறினால் ஆயிரக்கணக்கான ஜிபியுக்கள் சும்மா நிற்கும். அதனால்தான் பெரிய வாங்குகிறவர்கள் இப்போது விலைக்கு முன்னால் பழுது விகிதத்தைக் கேட்கிறார்கள். நீங்களும் கேளுங்கள். பதில் தராத விற்பனையாளரிடம் பெரிய ஆர்டர் வேண்டாம்.

அப்புறம் சூடு. பழைய 100ஜி மாட்யூல் 3.5 வாட்டுக்குள் அடங்கும். 800ஜி சுமார் 15 வாட். 51.2டி (மொத்தம் நொடிக்கு 51.2 டெராபிட்) சுவிட்சில் 64 போர்ட்டையும் நிரப்பினால் ஆப்டிக்ஸ் மட்டுமே ஒரு கிலோவாட்டை நெருங்கும். அதை வெளியேற்றும் மின்விசிறிக்கும் குளிரூட்டலுக்கும் தனியாகக் கரண்ட் வேண்டும். ஓஎஸ்எஃப்பி என்ற மாட்யூல் வடிவம் சற்றுப் பெரிதாக, தன் மேலேயே ஹீட்சிங்க்குடன் வருவதும் இதற்காகத்தான்.

மின்சாரத்தைக் குறைக்க இரண்டு வழிகளைப் பேசுகிறார்கள். மாட்யூலுக்குள் சிக்னலைச் சீர்செய்யும் டிஎஸ்பி சிப்பை எடுத்துவிடுவது எல்பிஓ. ஆப்டிக்ஸையே சுவிட்ச் சிப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது சிபிஓ. 2025 மார்ச்சில் என்விடியா சிபிஓ சுவிட்சுகளை அறிவித்ததும், செருகும் மாட்யூலின் காலம் முடிந்தது என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி சுவிட்ச் வைத்திருப்பவருக்கு சிபிஓ லாபமாக இருக்கலாம். மற்றவர்களுக்கு, பழுதான மாட்யூலை நள்ளிரவில் ஒருவர் கையால் உருவிவிட்டு வேறொன்றைச் செருகும் வசதி விலைமதிப்பில்லாதது. சிபிஓ செய்கிறவர்களே லேசரை மட்டும் வெளியே, கழற்றி மாட்டும்படிதான் வைக்கிறார்கள். எது முதலில் பழுதாகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

லேசர் என்றதும் தட்டுப்பாட்டைச் சொல்லாமல் முடியாது. வேகமான லேனுக்கு வேண்டிய இஎம்எல் லேசர்கள் இண்டியம் பாஸ்பைடு வேஃபரில் (சிப் செய்யும் மெல்லிய தகட்டில்) செய்யப்படுபவை. அவற்றைத் தரமாகச் செய்யக்கூடிய ஆலைகள் உலகில் கொஞ்சமே, நினைத்த மாத்திரத்தில் பெருக்கவும் முடியாது. 2025 பிப்ரவரியில் சீனா இண்டியம் தொடர்பான பொருட்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. டிஎஸ்பி பக்கம் பிராட்காம், மார்வெல் என்று இரண்டு பெயர்களைச் சொன்னால் பெரும்பகுதி முடிந்துவிடும். சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் (ஒளிப்பாதையைச் சிலிக்கான் சிப்பிலேயே அமைப்பது) வேகமாகப் பரவுவதற்கும் இந்த நெருக்கடி ஒரு காரணம்: ஒரு லேசரின் ஒளியைப் பிரித்துப் பல லேன்களுக்குக் கொடுக்க முடிகிறது.

இது நமக்கு எப்படி வந்து சேரும்? 800ஜியில் லாபம் அதிகம் என்றால் ஆலைகள் ஆட்களையும் இயந்திரங்களையும் அங்கே திருப்பும். பழைய வகைகளில் ஓட்டம் உள்ளவை மலிவாகிக்கொண்டே வரும். ஓட்டம் குறைந்த வகைகளுக்கு ஒருநாள் தயாரிப்பு நிறுத்த அறிவிப்பு வரும். பழைய சுவிட்சுகளை இன்னும் நாலைந்து வருடம் ஓட்டப்போகிறீர்கள் என்றால், அவற்றில் எந்த மாட்யூல் எத்தனை இருக்கிறது என்ற பட்டியலும் கொஞ்சம் ஸ்பேரும் கையில் இருக்கட்டும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் அவசரப்படுத்துவேன். இரண்டு டேட்டா சென்டர்களுக்கு நடுவே முழு நீள டார்க் ஃபைபர் (நாமே கருவி மாட்டி ஒளியேற்ற வேண்டிய வெறும் ஃபைபர்) வைத்திருப்பவர்கள், தூர இணைப்புக்கான 400இசட்ஆர் மாட்யூலைப் பார்க்க வேண்டும். 2020-ல் ஓஐஎஃப் என்ற தொழில்துறை அமைப்பு வகுத்த இந்தத் தரத்தில், முனைகளில் ஆம்ப்ளிஃபையர் (ஒளியைப் பெருக்கும் கருவி) வைத்தால் 120 கிலோமீட்டர் வரை ஒரு மாட்யூலே சமாளிக்கும். முன்பு அதற்கென்று சிக்னலைத் தூரம் போகும் ஒளியாக மாற்றும் தனி டிரான்ஸ்பாண்டர் பெட்டி, தனி ரேக், தனி பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் தேவைப்பட்டன. ஆனால் அந்த மாட்யூல் கேட்கும் மின்சக்தியை உங்கள் சுவிட்ச் போர்ட் கொடுக்குமா என்று முதலில் பாருங்கள். எல்லா 400ஜி போர்ட்டும் கொடுக்காது.

வேகத்தில் மிச்சம் பிடிக்கும் பணத்தை ஃபைபரில் போடச் சொல்வேன். 10ஜி காலத்தில் ஓஎம்3 மல்டிமோட் (குறுந்தூர ஃபைபர் வகை) 300 மீட்டர் போனது. 100ஜி எஸ்ஆர்4 மாட்யூல் வந்தபோது அதே ஃபைபரில் 70 மீட்டர். லேன் 100ஜி ஆனபோது விஆர் வகையில் 30 மீட்டர், எஸ்ஆர் வகையில் 60. கூரைக்கு மேலே கிடக்கும் ஃபைபர் அதேதான், ஒவ்வொரு தலைமுறைக்கும் அதன் பயன்தூரம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஓஎஸ்2 சிங்கிள் மோட் போட்டவர்கள் 10ஜியிலிருந்து 800ஜி வரை ஃபைபரைத் தொடாமல் மாட்யூலை மட்டும் மாற்றிக்கொண்டு போகிறார்கள். புதிதாக இழுக்கிறீர்கள் என்றால் ரேக்குக்குள் காப்பர், ரேக்குக்கு வெளியே சிங்கிள் மோட். டிஆர்4 எம்பிஓவின் முனை கோணமாகச் சீவியது, சமதளமாகச் சீவிய பழைய கேபிளை அதனோடு சேர்க்கக் கூடாது. ஆர்டரில் அதையும் எழுதிவிடுங்கள்.