சொல் விளக்கம்: ஏஜிங் அவுட் – வயது கடப்பு

ஏஜிங் அவுட்: ஓர் உரிமைக்குச் சட்டம் வைத்த வயது எல்லையைத் தாண்டியதால் அந்த உரிமையை இழப்பது. அமெரிக்கக் குடியேற்ற வழக்கில், பெற்றோரின் மனுவோடு சேர்ந்து விசா பெறவேண்டிய பிள்ளை 21 வயதைத் தாண்டி அந்த மனுவிலிருந்து கழன்றுபோவது.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் "பொண்ணுக்கு ஏஜ் அவுட் ஆயிடும் போல" என்று ஆங்கிலச் சொல்லையே போட்டுப் பேசுகிறார்கள். அரசுத் தேர்வு எழுதுபவர்கள் சொல்லும் "ஏஜ் பார்" என்பதும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்கலாம். உறவுதான், ஒன்றல்ல. தேர்வில் அறிவிக்கை சொல்லும் தேதியில் பிறந்தநாள் வயதைப் பார்த்துவிட்டு முடித்துவிடுவார்கள். விசாவில் பல இனங்களுக்கு (விசா வகைகளுக்கு) பார்ப்பது பிறந்தநாள் வயதை அல்ல, கழித்து வரும் ஒரு கணக்கு வயதை. சொல்லைச் சரியாகப் பிடிக்காதவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஏஜ் என்பது லத்தீனில் காலம், வாழ்நாள் என்று பொருள்படும் ஏவும் என்ற சொல்லில் கிளைத்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வெறுமனே "மூப்படைதல்" என்று இருந்ததோடு "அவுட்" சேர்ந்ததும் வெளியே தள்ளப்படுதல் என்ற பொருள் ஏறிக்கொண்டது. அரசுக் காப்பில் வளர்ப்புக் குடும்பங்களிடம் இருக்கும் பிள்ளைகள் வயது வந்ததும் அந்தக் காப்பிலிருந்து வெளியேறுவதையும் அமெரிக்காவில் இதே சொல்லால்தான் சொல்வார்கள். அதாவது மூப்பு இதில் பாதிதான். மீதிப் பாதி, கதவு சாத்தப்படுவது.

இதை "வயது முதிர்வு" என்று மொழிபெயர்ப்பது பெரும்பிழை. வயது முதிர்வு 58, 60-இல் வருவது. ஓய்வு ஆணையில் அச்சாகும் சொல். கல்லூரியில் மூன்றாமாண்டு படிக்கும் பெண்ணை வயது முதிர்ந்தவர் என்று எழுதினால் வீட்டில் சிரிப்பார்கள். "வயது கடத்தல்" இலக்கணப்படி சரி. ஆனால் விசா காகிதத்தில் பிள்ளையையும் கடத்தலையும் ஒரே வரியில் எழுதுவது வம்பு. தேயிலை வழக்கிலிருந்து "முற்றல்" என்ற சொல்லை எடுக்கலாமா? பறிக்கும் சுற்று தவறினால் கொழுந்து முற்றிவிடும், ஃபாக்டரியில் கழித்துவிடுவார்கள். உவமை பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் முற்றிய இலையை மறுபடி கொழுந்தாக்க முடியாது; அமெரிக்கச் சட்டமோ 23 வயதுப் பெண்ணைச் சில நேரம் 19 ஆக்கிவிடும். எனவே "வயது கடப்பு" என்பதே எங்கள் தேர்வு. பேச்சில் "வயசு தாண்டிப்போச்சு" என்று ஏற்கெனவே இருப்பதற்கு எழுத்து வடிவம், அவ்வளவே. தனித்தமிழ் வேண்டுவோர் "அகவை கடப்பு" என்று எழுதலாம். அகவை என்றால் பிறந்தநாள் போஸ்டர் நினைவுக்கு வரும் என்பதால் நாங்கள் தவிர்க்கிறோம்.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல் "சைல்டு". நம் ஊரில் ஐம்பது வயதானாலும் அம்மாவுக்குப் பிள்ளைதான். அமெரிக்கச் சட்டத்தில் அப்படியில்லை: 21-க்குக் கீழ், மணமாகாதவர் மட்டுமே சைல்டு. எல்லை தாண்டினாலோ மணமுடித்தாலோ அவர் "சன்" அல்லது "டாட்டர்". நாம் மூன்றையும் "பிள்ளை" என்று எழுதிவிடுவதால் படிவத்தில் குழப்பம் வருகிறது. முதலாவதை "இளம்பிள்ளை" என்றும் மற்றதை "வளர்ந்த மகன், மகள்" என்றும் பிரித்து எழுதுவது நல்லது.  

வயது எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்பது மனுப் போட்டவர் யார் என்பதைப் பொறுத்தது.

அப்பாவோ அம்மாவோ அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் என்றால் விஷயம் எளிது. உறவினருக்காகப் போடும் ஐ-130 மனு முறையாகச் சேர்ந்த நாளில் பிள்ளையின் வயது உறைந்துவிடும். அன்று 20 வயது 11 மாதம் என்றால், விசா இரண்டு ஆண்டு கழித்து வந்தாலும் 20 வயது 11 மாதம்தான்; அதுவரை மணம் முடிக்கக்கூடாது. சிக்கல் வருவது "முறையாக" என்ற சொல்லில். கையெழுத்து விடுபட்டாலோ கட்டணம் குறைந்தாலோ மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருப்பிய மனுவுக்குச் சேர்ந்த நாள் என்று ஒன்று கிடையாது. மறுபடி அனுப்புவதற்குள் 21-ஆம் பிறந்தநாள் போய்விடும். பிறந்தநாளுக்கு ஒரு மாதத்துக்கும் குறைவாக இருக்கையில் தபாலை நம்பாமல் இணையவழியில் போடுங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் இணையத்தில் கட்டணம் 625 டாலர், தாளில் 675.

பெற்றோர் கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால் பிள்ளை எஃப்2ஏ என்ற இனத்தில் வரிசையில் நிற்க வேண்டும். வயது உறையாது, கீழே வரும் கழித்தல் கணக்குப்படி ஓடும். கணக்கு வயதும் 21-ஐத் தாண்டினால் மனு செத்துவிடாது, தானாக எஃப்2பி-க்கு (வளர்ந்த, மணமாகாத மகன், மகளுக்கான இனத்துக்கு) மாறும், வரிசையில் இடம் பிடித்த பழைய நாளும் நிலைக்கும். வரிசைதான் நீளம். பிள்ளைக்கு உண்மை வயது 21 ஆகும் முன் பெற்றோர் குடியுரிமைப் பிரமாணம் எடுத்துவிட்டால் அன்றைய வயதே உறைந்து, வரிசையே இல்லாத இனத்துக்கு மாறிவிடலாம்.

ஆனால் அதே பிரமாணம் காலை வாரியும் விடும். கணவர் மனைவிக்கு மட்டும் மனுப் போட்டு, பிள்ளையை அதில் உடன்வருபவராகக் காட்டியிருந்தார் என்று வையுங்கள். எஃப்2ஏ இனத்தில் அது செல்லும். அவர் குடியுரிமை பெற்றதும் மனைவியின் மனு மேலே ஏறிவிடும்; அந்த மேல் இனத்தில் உடன்வருபவர் என்ற இடமே கிடையாது. பிள்ளை அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஐ-130, அதுவும் 21 முடியும் முன், சேர வேண்டும். பிரமாண நாளுக்கு முன்பே தனித்தனியாகப் போட்டு வைப்பதே பாதுகாப்பு.

நீலகிரிக் குடும்பங்கள் அதிகம் கேட்பது அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அண்ணன், அக்கா போட்ட மனுவைப் பற்றி. அது எஃப்4. இந்தியர்களுக்கு வரிசை பதினெட்டு, பத்தொன்பது ஆண்டு. 2025-இல் விசா கிடைத்தது 2006-இல் போட்ட மனுக்களுக்கு. மனுப் போட்டபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை வரிசை வரும்போது கல்லூரியில் இருக்கும். 2002 ஆகஸ்ட் 6-இல் கையெழுத்தான குழந்தை நிலைக் காப்புச் சட்டம் இவர்களுக்கும் ஒரு கழித்தல் கணக்கைத் தந்தது: விசா கிடைக்கும் நிலை வந்த நாளில் பிள்ளையின் வயது, கழித்தல், மனு அலுவலகத்தில் ஒப்புதலுக்காகக் கிடந்த நாட்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாமா மனுப் போட்டது 2006 மே 20. ஒப்புதல் 2010 மே 20. கிடந்த நாட்கள் 1461. விசா கிடைக்கும் நிலை 2025 ஜூன் 1-இல் வந்தது என்று கொள்வோம். மகள் பிறந்தது 2001 ஆகஸ்ட் 12. ஜூன் 1-இல் 23 வயது 9 மாதம். 1461 நாளைக் கழித்தால் 19 வயது 9 மாதம். தப்பித்தாள். அவளுடைய அண்ணன் பிறந்தது 1999 பிப்ரவரி 3. 26 வயது 3 மாதம், கழித்தால் 22-ஐத் தாண்டுகிறது. வயது கடந்துவிட்டது. அதே மனுவுக்கு ஆறே மாதத்தில் ஒப்புதல் கொடுத்திருந்தால் மகளுக்கும் 23-தான், அவளும் வெளியே. அலுவலகம் சோம்பியிருந்த நாள்தான் பிள்ளைக்கு வரவாகிறது. வேடிக்கையான சட்டம்.

பலரும் தவறுவது எதைக் கழிப்பது என்பதில். 2006 முதல் 2025 வரை காத்திருந்த 19 ஆண்டையும் கழிக்கலாம் என்று நம்பி உட்கார்ந்திருப்பார்கள். இல்லை. மனு சேர்ந்ததிலிருந்து ஒப்புதல் வரை மட்டுமே கழிவு. ஒப்புதலுக்குப் பிறகு வரிசையில் நின்ற ஆண்டுகள் ஒரு நாள்கூடக் கணக்கில் வராது. இரண்டு தேதியும் ஒப்புதல் கடிதத்தில் அச்சாகியிருக்கும். அந்தத் தாளைத் தேடி எடுத்து வையுங்கள். "பிரயாரிட்டி டேட்" என்று அதில் இருப்பதை "முன்னுரிமை நாள்" என்கிறார்கள். யாருக்கும் முன்னுரிமை தருவதில்லை, வரிசையில் இடம் பிடித்த நாள். "வரிசை நாள்" என்றால் போதும்.

விசா கிடைக்கும் நிலை வந்த நாள் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் உங்கள் வரிசை நாள் முதன்முதலாக உள்ளே வந்த மாதத்தின் முதல் தேதி. ஒப்புதல் அதற்கும் பிந்தியது என்றால் ஒப்புதல் நாள். புல்லட்டினில் இரண்டு அட்டவணைகள் இருக்கும். ஊரிலிருந்து விசா எடுப்பவர்களுக்குச் செல்வது இறுதி நடவடிக்கை நாள் அட்டவணை. அமெரிக்காவுக்குள் இருந்தபடி கிரீன் கார்டு நிலைக்கு மாறுவோருக்கு இடையில் இரண்டாம் அட்டவணையும் செல்லுபடியானது. 2025 ஆகஸ்ட் 15 முதல் சேரும் விண்ணப்பங்களுக்கு அங்கும் முதலாவதே.

கழித்து 21-க்குக் கீழே வந்துவிட்டது என்பதோடு வேலை முடியாது. அந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பிள்ளை விசாவை நாடியதாகப் பதிவு இருக்க வேண்டும்: குடியேற்ற விசா விண்ணப்பமான டிஎஸ்-260 படிவம் சமர்ப்பிப்பது, அல்லது குடியேற்ற விசாக் கட்டணம் கட்டுவது. அப்பா தன் படிவத்தைப் போட்டது பிள்ளைக்குச் சேராது. பிள்ளையின் பெயரில் தனியாக இருக்க வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து, கடிதம் வராதது. 2006-இல் கொடுத்த மின்னஞ்சல் செத்திருக்கும், மாமா வீடு மாறியிருப்பார், அமெரிக்க தேசிய விசா மையத்தின் அறிவிப்பு காற்றில் போயிருக்கும். வரிசை நாளுக்கு இரண்டு மூன்று ஆண்டு இருக்கும்போதே மையத்துக்கு எழுதி முகவரியைப் புதுப்பித்துவிடுங்கள். அறிவிப்பு வந்தும் ஓராண்டு சும்மா இருந்தால் மனுவையே நீக்கிவிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

உண்மையிலேயே வயது கடந்துவிட்டால்? எஃப்4-இல் உடன்வந்த பிள்ளை பழைய வரிசை நாளைத் தன்னோடு எடுத்துச்செல்ல முடியாது. 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை முடிவாகச் சொல்லிவிட்டது. பெற்றோர் போய் கிரீன் கார்டு வாங்கி, மணமாகாத அந்தப் பிள்ளைக்கு எஃப்2பி மனுவைப் புதிய நாளோடு போட வேண்டும். மறுபடி பல ஆண்டு. இலங்கையிலிருந்து வந்தவர்கள் நிறைந்த கூடலூர், கோத்தகிரிப் பக்கத்தில் இதை விளக்கும்போது ஓர் எதிர்ச்சான்று கையில் இருக்கிறது: 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணியபோது "அவர்களின் இயற்கைப் பெருக்கமும்" என்று சேர்த்தது. பிறக்கும் பிள்ளைகள் பெற்றோர் கணக்கில் ஏறினார்கள். அமெரிக்கச் சட்டத்தில் பிள்ளைகள் கணக்கிலிருந்து இறங்குகிறார்கள்.

கல்யாணம் பற்றி ஒரு எச்சரிக்கை. நிச்சயதார்த்தம் பரவாயில்லை. கோயிலில் தாலி கட்டிவிட்டு "இன்னும் ரெஜிஸ்டர் பண்ணலையே" என்பது செல்லாது. சடங்குப்படி நடந்ததும் திருமணமே. விசா கையில் வந்த பிறகு, விமானம் ஏறும் முன் முடித்தாலும் உடன்வருபவர் என்ற உரிமை போய்விடும்.

பிறந்த தேதியில் பழைய தொல்லை ஒன்று. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பத்தாமல் பள்ளியில் சில மாதம் கூட்டிப் போடுவது எஸ்டேட் பகுதிகளில் வழக்கமாக இருந்தது. டிசியில் உள்ள தேதியைப் பாஸ்போர்ட்டுக்கும் கொடுத்திருப்பார்கள். கூட்டிய அந்தச் சில மாதமே 21-ஐத் தாண்டவைக்கலாம். பிறப்புப் பதிவேட்டில் சரியான தேதி இருந்தால் பாஸ்போர்ட்டை முதலில் திருத்துங்கள். நேர்காணல் நெருங்கிய பிறகு தேதியை மாற்றினால் சந்தேகம் வரும். எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து பதிவே ஆகாத பிள்ளைக்குப் பதிவு இல்லை என்ற சான்று வாங்கிப் பள்ளிச் சான்றோடு கொடுக்கலாம். தாமதப் பதிவுக்கு உதகை, குன்னூர், கூடலூர் கோட்டாட்சியர் அலுவலகங்களில் விசாரியுங்கள். சான்றிதழில் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால் முதலில் பெயரைப் பதியுங்கள்.

வேறு எல்லைகளை 21-உடன் குழப்ப வேண்டாம். மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை உறவு செல்ல, பிள்ளைக்கு 18 ஆகும் முன் அந்தத் திருமணம் நடந்திருக்க வேண்டும். தத்துக்குப் பொதுவாக 16. கனடாவில் எல்லை 22. 2017 அக்டோபர் 24-க்கு முன் சில ஆண்டு 19 ஆக இருந்தது. முழுமையான விண்ணப்பம் சேர்ந்த நாளில் அங்கே வயது பூட்டப்படும். அதைப் "பூட்டு நாள்" என்று தமிழில் சொல்லிவிடலாம், ஆங்கிலத்திலும் அதே படிமம்தான்.

சொல்லை ஆளும் முறை: "அக்காவுக்கு வயது கடப்பு நேர்ந்ததால் அப்பா தனி மனுப் போட வேண்டியதாயிற்று." "கணக்கு வயது 20 வயது 4 மாதம், வயது கடக்கவில்லை." "தம்பிக்கு வயது கடக்க இன்னும் ஏழு வாரம், இன்றே ஐ-130-ஐப் போடு."