எக்கோ டூரிசம்: ஒரு வீட்டுச் சொல்

கீற்றுக் கூரை, மூங்கில் தடுப்பு, வாசலில் மரப்பலகையில் 'எக்கோ ரிசார்ட்' என்று எழுத்து. உள்ளே ஏசி. பின்பக்கம் டீசல் ஜெனரேட்டர். குளியலறைத் தண்ணீர் குழாய் வழியே நேராகக் கடலுக்குப் போகிறது. அப்படியொரு விடுதியில் ஓர் இரவு தங்கிய பிறகுதான் இந்த 'எக்கோ' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று தேடினேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எதிரொலியைக் குறிக்கும் எக்கோவுக்கும் இதற்கும் உறவு கிடையாது. அது வேறு கிரேக்கச் சொல்.

இந்த எக்கோவின் வேர் 'ஒய்கோஸ்'. கிரேக்கத்தில் வீடு என்று பொருள். கட்டடத்தை மட்டும் அல்ல, அதில் வாழும் ஆட்கள், சொத்து எல்லாம் சேர்ந்த குடித்தனத்தையே அது குறிக்கும். 1866-இல் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கெல், உயிர்களுக்கும் அவற்றைச் சுற்றியுள்ள உலகத்துக்கும் இடையிலான உறவை ஆராயும் துறைக்கு இந்த வேரை வைத்தே 'எக்காலஜி' என்று பெயர் கட்டினார். அதற்கு வெகுகாலம் முன்பே அதே ஒய்கோஸிலிருந்து 'எகானமி' பிறந்திருந்தது. அதற்கு முதல் பொருள் வீட்டு நிர்வாகம். பத்திரிகைகளில் எப்போதும் சண்டைக்காரர்களாகக் காட்டப்படும் சூழலியலும் பொருளியலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

எக்காலஜியைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'மனையியல்' என்று வர வேண்டும். ஆனால் சமையல், தையல், குழந்தை வளர்ப்பு கற்பிக்கும் கல்லூரிப் பாடம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டுவிட்டது. மனையியல் சுற்றுலா என்று பலகை வைத்தால் யார் வருவார்கள் என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்த பாதி டூரிசம். கிரேக்கத்தில் 'டோர்னோஸ்' என்றால் வட்டம் போடும் கருவி. கடைசல் பொறிக்கும் அந்தப் பெயர் உண்டு. லத்தீன், பிரெஞ்சு வழியாக அது 'டூர்' ஆனது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவது டூர், திரும்பாமல் இருந்துவிட்டால் அது குடிபெயர்வு. தமிழில் 'சுற்றுலா' என்று அமைத்தவர்கள் அந்த வட்டத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்: சுற்று, உலா. உலா என்ற சிற்றிலக்கியத்தில் தலைவன் தெருவில் பவனி வருவான், பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்து மயங்குவார்கள். உலாப் போகிறவன் ஊரைப் பார்க்கப் போவதில்லை, ஊர் தன்னைப் பார்க்கப் போகிறான். செல்ஃபி வந்த பிறகு சொல் பழைய பொருளுக்கே திரும்பிவிட்டதோ என்று சந்தேகம்.

இலங்கைத் தமிழில் டூரிஸ்டுகளை 'உல்லாசப் பயணிகள்' என்று எழுதும் வழக்கம் நெடுநாள் இருந்தது. இன்றும் கண்ணில் படும். அதில் ஒரு நேர்மை இருக்கிறது, எதற்காக வருகிறார்கள் என்பதை ஒளிக்கவில்லை. என்ன, 'எக்கோ'வை அதோடு ஒட்டினால் உல்லாசம்தான் முன்னால் வந்து நிற்கும்.

சரி, வீட்டையும் வட்டத்தையும் சேர்த்தது யார்? சூழலியலைக் கணக்கில் எடுக்கும் சுற்றுலா வேண்டும் என்று நிக்கோலஸ் ஹெட்சர் என்பவர் 1965-இலேயே எழுதினார். ஒரே சொல்லாக்கிப் பரப்பிய பெருமையைப் பொதுவாக மெக்சிகோவின் எக்டர் செபாயோஸ்-லஸ்குராயினுக்குக் கொடுக்கிறார்கள். ஆண்டு 1983. தொழிலால் அவர் கட்டடக் கலைஞர், வீடு கட்டுகிறவர். யுகடான் தீபகற்பத்தின் வடகரையில் பூநாரைகள் கூடும் சதுப்பு நிலத்தைக் காக்க அவர் வாதாடினார். நம் கோடியக்கரைக்கு வருகிற பூநாரைக்கு அவை உறவு. பறவை பார்க்க வருகிறவர்களால் ஊர் மக்களுக்கு வருமானம் கிடைக்கும், எனவே சதுப்பு நிலத்தை விட்டுவைக்கலாம் என்பது அவர் கட்சி. 1990-இல் பன்னாட்டு எக்கோ டூரிசச் சங்கம் கொடுத்த வரையறையிலும் அதுவே இருக்கிறது: இயற்கையான இடங்களுக்குப் பொறுப்போடு போவது, அங்குள்ள சூழலைக் காப்பது, அந்த ஊர்க்காரர்களின் வாழ்வை மேம்படுத்துவது. கடைசிப் பகுதியைத்தான் விளம்பரங்கள் வசதியாக மறந்துவிடுகின்றன. காட்டையும் கடலையும் பார்ப்பது மட்டும் என்றால் அது இயற்கைச் சுற்றுலா. ஊர்க்காரர் கையில் காசும், முடிவெடுக்கும் உரிமையும் இல்லாத இடத்தில் 'எக்கோ'வுக்கு வேலை இல்லை.

இந்தச் சொல்லுக்கு ஓர் ஊரை உதாரணம் காட்டச் சொன்னால் நான் பலாவுவைக் காட்டுவேன். மேற்குப் பசிபிக்கில், நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, முந்நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள் சேர்ந்த குட்டி நாடு. மக்கள்தொகை சுமார் 18,000. நம்மூரில் ஒரு பேரூராட்சி அளவு. மீன்கள் முட்டையிடும் காலத்தில் குறிப்பிட்ட பவளத்திட்டில் யாரும் வலை போடக் கூடாது என்று அங்கே ஊர்த் தலைவர்கள் தடை விதிப்பார்கள். அந்த மரபுத் தடைக்குப் பெயர் 'புல்'. நம் வயல்வரப்புப் புல்லுக்கு இது சொந்தமில்லை. எக்காலஜி என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்களிடம் அந்த அறிவு இருந்தது.

2009-இல் தன் கடல் முழுவதையும் சுறாக்களின் புகலிடமாக அறிவித்த முதல் நாடு பலாவு. இரண்டு ஆண்டு கழித்து வந்த ஓர் ஆய்வு, அங்கே ஒரு பவளத்திட்டுச் சுறா தன் வாழ்நாள் முழுவதும் சுற்றுலா வழியாகச் சுமார் 19 லட்சம் டாலர் ஈட்டித் தரக்கூடும் என்று கணக்குப் போட்டது. பிடித்து விற்றால் 108 டாலர். ஒய்கோஸின் இரண்டு பிள்ளைகளும் கைகோத்து நிற்கும் இடம் இது.

2017 டிசம்பரிலிருந்து பலாவுவுக்குள் நுழைகிறவர்களின் பாஸ்போர்ட்டில் ஓர் உறுதிமொழி முத்திரையாகக் குத்தப்படுகிறது. அதன் கீழே பயணி கையெழுத்துப் போட வேண்டும். அது அரசாங்கத்தைப் பார்த்துச் சொல்லும் உறுதிமொழி அல்ல, பலாவுவின் குழந்தைகளைப் பார்த்துச் சொல்வது. உங்கள் விருந்தினராக வந்திருக்கிறேன், உங்கள் தீவு வீட்டைக் காப்பேன், அலை அழித்துவிடும் காலடித் தடத்தைத் தவிர வேறு தடம் விட மாட்டேன் என்று போகிறது. வீடு, விருந்தினர். ஹெக்கெல் சொல் கட்டியபோது மனத்தில் வைத்த வீட்டுக்கு அந்த முத்திரையில் ஒரு வாசற்படி கிடைத்துவிட்டது. 2020 முதல், பவளப் பாறைக்குக் கேடான ஆக்ஸிபென்சோன் போன்ற வேதிப்பொருள்கள் உள்ள சன்ஸ்கிரீனுக்கும் அங்கே தடை. விருந்தாளி எதைப் பூசிக்கொண்டு வருகிறார் என்பதையும் வீட்டுக்காரர் கேட்கிறார்.

இனி தமிழ்ச் சொல். 'சுற்றுச்சூழல் சுற்றுலா' என்று எழுதுகிறார்கள். பொருளில் குற்றமில்லை, ஆனால் இரண்டு சுற்று சுற்றித் தலை சுற்றுகிறது. 'பசுமைச் சுற்றுலா'வில் நிறம் இருக்கிறது, பொறுப்பு இல்லை. தவிர, பவளத் தீவில் பசுமையைவிட நீலம் அதிகம். 'சூழலியல் சுற்றுலா' சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் 'இயல்' சேர்ந்தவுடன் விலங்கியல் மாணவர்கள் குறிப்பேட்டோடு கிளம்பிய கல்விச் சுற்றுலா போலத் தொனிக்கிறது. 'திணை' என்ற சொல்லில் நிலம், பொழுது, உயிர், தொழில் எல்லாம் அடங்கும் என்பதால் 'திணைச் சுற்றுலா' என்று சொல்லிப் பார்க்க எனக்கு ஆசை. இலங்கையில் திணைக்களம் என்றால் அரசுத் துறை, அங்குள்ளவர்கள் அலுவலகச் சுற்றுலா என்று நினைத்துவிடக்கூடும்.

என் தேர்வு, செய்தித்தாள்களில் ஏற்கெனவே பழகிவிட்ட 'சூழல் சுற்றுலா'. சுருக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் 'சூழ்' என்ற வேர். அதற்குச் சுற்றியிருத்தல் என்ற பொருளோடு ஆராய்ந்து எண்ணுதல் என்ற பொருளும் உண்டு. 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்னும் குறளில் சூழ்ச்சி என்பது ஆலோசனை, சதி அல்ல. யோசித்துச் செய்யும் சுற்றுலா என்ற நிழலும் நம் சொல்லில் விழுகிறது. கிரேக்கத்தில் அது கிடையாது.

எக்கோ டூரிசத்துக்கு முன்னால் அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும் 'சஸ்டெய்னபிள்' என்ற அடைமொழிக்கு வருவோம். இந்தக் கருத்தின் பழைய தடம் ஜெர்மன் காட்டு நிர்வாகத்தில் இருக்கிறது. 1713-இல் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் என்ற சுரங்க நிர்வாகி, சுரங்கங்களுக்கு மரம் வெட்டித் தீர்ப்பதைப் பார்த்துவிட்டு, வளரும் அளவுக்கே வெட்ட வேண்டும் என்று எழுதினார். தமிழ்நாட்டில் 'நீடித்த', 'நிலையான' என்றும், இலங்கையில் 'நிலைபேறான' என்றும் எழுதுகிறோம். 'நிலையான சுற்றுலா' என்றால் சுற்றுலாத் தொழில் நிலைக்க வேண்டும் என்றுதான் காதில் விழுகிறது. நிலைக்க வேண்டியது தீவு. 'வளங்குன்றா வளர்ச்சி' என்று முன்பே ஒரு நல்ல சொல்லாக்கம் இருக்கிறது, எது குறையக் கூடாது என்பது அதில் வெளிப்படை. எனவே வளங்குன்றாச் சுற்றுலா. 'ச்' கட்டாயம்.

குன்றாமல் பார்த்துக்கொள்ளக் கணக்கும் வேண்டும். பிலிப்பைன்ஸின் போராகாய் தீவில் கழிவுநீர் கடலில் கலந்து நிலைமை முற்றியதால் 2018-இல் தீவையே ஆறு மாதம் மூடினார்கள். திறந்தபோது ஒரே நேரத்தில் 19,215 சுற்றுலாப் பயணிகள்தான் இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். அந்த எண்ணுக்குத் தமிழில் 'தாங்குதிறன்' என்று பெயர். பிரமாதமான சொல், விளக்கமே வேண்டாம்.

நான் தங்கிய விடுதியில் நடந்ததற்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு: கிரீன்வாஷ். அமெரிக்கரான ஜே வெஸ்டர்வெல்ட் 1986-இல் ஒரு கட்டுரையில் போட்ட சொல். ஃபிஜித் தீவுக்குப் போனவர் பக்கத்து விடுதிக்குள் நைசாக நுழைந்து துண்டு எடுக்கப் பார்த்திருக்கிறார். அங்கே ஓர் அட்டை: கடலும் பவளப் பாறையும் அரிய வளங்கள், துண்டை மறுபடி பயன்படுத்தி உதவுங்கள் என்று. அதே நேரத்தில் அந்த விடுதி கடற்கரையில் புதுக் குடில்களைக் கட்டிக்கொண்டிருந்தது. அவர் போன ஆண்டும் 1983. நல்ல சொல் மெக்சிகோவில் பிறந்த அதே ஆண்டில் அதன் போலி ஃபிஜியில் பிடிபட்டிருக்கிறது.

கிரீன்வாஷுக்குப் 'பசுமைப் பூச்சு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பெயிண்ட் கடை விளம்பரம் போல இருக்கிறது. 'பச்சை பூசி மெழுகுதல்' என்றால் பாட்டிக்கும் புரியும். மண்வீட்டுச் சுவரையும் தரையையும் பூசி மெழுகிய கைகளிலிருந்து வந்த வழக்கு அது.